சென்னைக்கு அமெரிக்கா வழி

துரைக்கண்ணுவின் விரல்கள் இணையக் கேபிளின் கண்ணாடி இழையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கின்றன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை துடைக்கின்றன. நறுக்கிய நுனி சற்றே சாய்ந்திருக்கிறது. மறுபடி நறுக்குகின்றன.

"ஏம்பா, தலைமுடி மாதிரி ஒண்ண ஒட்ட இவ்ளோ நேரமா? நான் ஒரு தேக்சா பிரியாணியே இறக்கியிருப்பேன்," என்றார் ஷமீம் பானு.

"பிரியாணி அடிபிடிச்சா ஒரு நாளோட போச்சும்மா. இது தெனமும் அடிபிடிக்கும்."

"அம்மி, அவர வேல செய்ய விடுங்க," என்றாள் மகள் நஸ்னீன்.

துரைக்கண்ணு தாமல் ஊர்க்காரர். கேபிள் புதைக்கப் பள்ளம் வெட்ட வந்தவர், மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரங்களில் இழை ஒட்டுகிறவரின் அருகே நின்று பார்த்தே இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

நஸ்னீன் இந்தச் செவிலிமேட்டு வீட்டிலிருந்து, சென்னை மருத்துவமனை ஒன்றின் டாக்டர்களுக்கும் உருது மட்டுமே தெரிந்த நோயாளிகளுக்கும் இடையே இணையவழி அழைப்பில் மொழிபெயர்க்கிறாள். சில நாட்களாக அவள் பேச்சு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பெரியவர் சொன்னதை அவள் சொல்லி முடிக்குமுன், டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கத்தித்தான் அவரை நிறுத்தினாள். இன்று மாலை அவளுடைய கம்பெனி லைனைச் சோதிக்கும். தாமதம் நூறு மில்லிசெகண்டுக்கு, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு, மேல் இருந்தால் வேலை போய்விடும்.

ஊருக்குள் தெருவின் குறுக்கே தொங்கிய கேபிளைத் தேர் போவதற்காக அறுத்து இறக்கி, பிறகு யாரோ அவசரமாக ஒட்டியிருந்தார்கள். தகவல் வழியில் தொலைந்து, திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. காலையில் துரைக்கண்ணு அதைச் சரிசெய்துவிட்டு வந்திருந்தார். வீட்டு வாசலில் செய்வது கடைசி ஒட்டு. அது முடிந்ததும், வீடியோக்கள் காத்திருந்து பேச்சுக்கு வழிவிடும்படி ரூட்டரையும் மாற்றியமைத்தார்.

பிறகு சோதித்தார். சென்னைக்குப் போய்த் திரும்ப ஐந்து மில்லிசெகண்ட். அழைப்புகள் கடந்துபோகும் கம்பெனியின் சர்வருக்கு இருநூற்று நாற்பது. மீண்டும் சோதித்தார். அதேதான். தகவல் போகும் வழியைத் திரையில் வரவழைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"சர்வர அமெரிக்காவுக்கு மாத்திட்டாங்கம்மா. நீ பேசறது அங்க போயி, அங்கிருந்து மெட்ராஸ் வருது."

"இன்னும் கொஞ்சம் கொறைக்க முடியாதாண்ணா?"

"இதுல ஓடறது வெளிச்சம்மா. அத வெரட்ட நம்மளால ஆவாது. அவ்ளோ தூரம் இருக்குது. கம்பெனில சொல்லிப் பாரேன்."

"லேட் ஆகுதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்றாங்க."

சோதனை தொடங்கப்போவதாகக் கம்பெனியிலிருந்து நஸ்னீனின் போனுக்குச் செய்தி வந்தது.

துரைக்கண்ணு ஒட்டைப் பாதுகாக்கும் பெட்டியை மூடித் திருகினார். ரூட்டரிலிருந்து மடிக்கணினிக்குச் செருகும் ஒயரின் முனையில் தூசி இருக்கிறதா என்று பார்த்து ஊதினார்.

"நம்ம பக்கம் சுத்தமா இருக்குதும்மா," என்று சொல்லி அதை அவளிடம் நீட்டினார். நஸ்னீன் வாங்கிக்கொண்டாள்.