யார் வீட்டு வழி

எனக்கு ஃபிட்ஸ் வருவதை நான் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். தவழுகிற வயதில் ஒரு காய்ச்சலோடு ஆரம்பித்ததாம். எதையோ கண்டு பயந்ததுபோல் ஓர் அலறல், அப்புறம் கண் நிலைகுத்திக் கை கால் விறைக்கும். அடங்கியது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும், அன்று முழுக்க அப்படியே. பிறகு பல வாரம் ஒன்றுமே இருக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டதென்று எல்லோரும் நம்பினார்கள், அத்தையைத் தவிர.

அத்தை அப்பாவின் அக்கா. எனக்கு உடம்பு சுட்டால் போதும், திருவதிகையிலிருந்து பஸ் ஏறி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவாள். என்மேல் உயிர். வழக்கெல்லாம் அம்மாமேல்தான். "உன் வூட்டு வழியில எவளுக்கோ இருந்திருக்குது. எங்க பக்கம் ஒருத்தருக்கும் கெடையாது." அம்மா திருநெல்வேலிக்காரி. அவள் பக்கம் பேச நெய்வேலியில் ஆளில்லை. மைன்ஸில் ஷிப்ட் முடித்து வந்த அப்பா காதில் விழாததுபோல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

எனக்கு ஆறு வயதானபோது பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர் எங்கள் மூவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். "எனக்கு எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் அப்பா சட்டைக் கையை மடித்தார். முடிவு வந்த அன்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். குறை அப்பாவின் ஜீனில் இருக்கிறது. ஆண்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, பெண் பிள்ளைகளுக்கு வந்தால்தான் தொல்லை. யார் தப்பும் இல்லை. தினமும் மாத்திரை, காய்ச்சலை உடனே இறக்க வேண்டும், அடுத்தடுத்து வந்தால் மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரே. வளர வளரக் குறையலாம்.

பஸ் பிடித்து வீடு திரும்பினோம். வாசலிலேயே அத்தை, "டாக்டரு என்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"மாத்திரை மாத்தியிருக்காங்க அண்ணி" என்றாள் அம்மா. அதோடு நிறுத்திக்கொண்டாள். அப்பா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. நான் அச்சு அசல் அம்மா என்றுதான் பிளாக்கில் எல்லோரும் சொல்வார்கள். அப்பாவிடமிருந்தும் எனக்கு ஒன்று வந்திருக்கிறது என்றால் சும்மாவா? "அத்தை, எனக்கு ஃபிட்ஸ் அப்பாகிட்டேருந்து வந்துச்சாம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அத்தை தன் தம்பியைப் பார்த்தாள்.

"ஆமாக்கா. என்கிட்டேருந்துதான்" என்றார் அப்பா.

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எத்தனை முறை வந்தபோதும் கண் கலங்காத அம்மா, அன்று சுவரோடு சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். தன்னிடமிருந்து வரவில்லையே என்று ஏங்குகிறாளாக்கும் என நினைத்து, நான் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, "அழாதம்மா, என் காது உன்னுதுதான்" என்று தேற்றினேன்.