ஜனவரியில் பிறந்தவள்

ஹாக்கியில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி முதல் தேதிதான் கணக்கு. நான் ஜனவரி இரண்டாம் வாரம் பிறந்தவள். பக்கத்து வீட்டுப் பெண் அதே வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்தில் பிறந்தாள். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தாள், என்னை அக்கா என்றாள். மைதானத்தில் மட்டும் நாங்கள் ஒரே வயது. ஆரம்பத்தில் இது எனக்குச் சாதகமாக இருந்ததால், அநியாயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் சீக்கிரமே வளர்ந்துவிட்டேன். பதினொரு வயதில் எங்கள் டீச்சர் உயரத்துக்கு நின்றேன். பி.டி. சார் என் கையில் மட்டையைக் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்தினார். வந்த பந்தை ஓங்கி அடித்தால் எதிர் கோல் வரை போகும். அதற்கு மேல் எதையும் சொல்லித்தர அவருக்குத் தோன்றவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது யாருக்குத் தோன்றும்? பக்கத்து வீட்டுக்காரி நோஞ்சான். அவளை ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பொழுது போகாமல் கோட்டுக்கு வெளியே பந்தைத் தட்டி உருட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷமே நான் பெரியவளானேன். எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டிலிருந்து மாமன்மார் சீரோடு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃபிளக்ஸ் கட்டினார்கள். பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாக நான். மேலே பூப்புனித நீராட்டு விழா என்று கொட்டை எழுத்தில் தமிழ். கீழே கூலிங் கிளாஸோடு மாமன்மார். மார்த்தாண்டம் பக்கம் அது சாதாரணம். கேரளத்தில் எங்கள் பக்கம் யாரும் அப்படி வைப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த அம்மா, அண்ணன்மார் ஆசைப்படுகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் மேட்ச். எங்கள் வேன் சரியாக அந்த ஜங்ஷனில் போய் நின்றது. மலையாளப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு, உனக்குக் கல்யாணமா என்று கேட்டார்கள். என்னைத் தவிரத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான். எழுத்துக்கூட்டி வாசித்து, அர்த்தத்தை மலையாளத்தில் சொன்னாள். அவளிடம் கபடம் இல்லை, கேட்டார்கள், சொன்னாள். முன்சீட்டில் சார் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

மைதானத்தில் எதிரணிப் பிள்ளை ஒருத்தியின் தாய், இது பிள்ளையா, பிள்ளை பெற்றவளா என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். அன்று முதல் நான் கூனிக் குறுகித்தான் ஆடினேன். ஹாக்கியே குனிந்து ஆடும் ஆட்டம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முட்டியை மடக்கித் தலையைத் தூக்கி வைக்க வேண்டும். நான் முதுகை வளைத்துத் தலையைத் தொங்கப்போட்டேன். மார்பு தெரியக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை. கண்ணைப் பந்திலிருந்து எடுக்கவே மாட்டாள் என்று சார் பாராட்டவும் செய்தார். இன்றும் கண்ணாடி முன் நின்றால் என் முதுகு தானாக வளைகிறது.

பதினைந்து வயதில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு செலக்‌ஷன் வந்தது. இடம் கிடைத்தால் ஹாக்கி, இல்லையென்றால் மட்டையைத் தூக்கிப் பரணில் போடு என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குள் என் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியோ கிடுகிடுவென்று வளர்ந்து என்னைத் தாண்டியிருந்தாள். எங்களை எதிரெதிர் அணியில் போட்டார்கள்.

பந்தோடு அவள் நேராக என்னிடமே வந்தாள். நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பக்கத்தில் ஓடிவந்த இன்னொருத்திக்குத் தள்ளிவிட்டாள். அப்படி ஒருத்தி வந்ததே எனக்குத் தெரியாது. கோல். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதேபோல் இன்னொன்று. தேர்வு செய்ய வந்தவர் என் பிறந்த தேதியைக் கேட்டார். பிறகு சாரிடம், இது வளர்ந்து முடிந்த பிள்ளை, இனி இதில் என்ன இருக்கிறது என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டுவிட்டது.

சாயங்காலம் மழையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனக்கு இடம் கிடைத்ததைச் சொல்லச் சங்கடப்பட்டு, ஆட்டுக்கொட்டிலில் என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தக் கொட்டிலுக்கு அம்மா அந்தப் பழைய ஃபிளக்ஸைத்தான் கூரையாகப் போட்டிருந்தாள், படம் உள்பக்கமாக.

"எல்லாரையும் விட்டுட்டு ஏன் எனக்க நேரே வந்தே?" என்று கேட்டேன்.

"அக்கா தலை தூக்காதுண்ணு எனக்குத் தெரியும்லா."

எப்போதிலிருந்து தெரியும் என்றேன். அவள் மேலே கை காட்டினாள்.

"அண்ணைக்கு வேன்ல வச்சு நான் இத வாசிச்சேன் இல்லியா. அதுல இருந்தாக்கும்."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே கிடந்த ஆட்டுப்புழுக்கையைப் பார்த்தபடியே நின்றேன்.