அத்தை முந்தித் தராத செய்தி

அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் தாமாகக் கலகலத்தால், எங்கேயோ ஒரு பட்டாசு ஷெட் வெடித்துப் போய்விட்டது என்று எம். புதுப்பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சத்தம் அடங்குவதற்குள் தெருப் பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள், ஏனென்றால் என் அத்தை முத்துலட்சுமி வானொலிக்குப் பகுதிநேர நிருபர். விருதுநகர் வத்தல் விலையும் மல்லாங்கிணறு மழையும் அவர் போனில் சொல்லித்தான் மாலைச் செய்தியில் வரும். அவர் பெயர் வராது, ‘நமது நிருபர்’ என்பதோடு சரி.

பிள்ளைகளே, அப்படி ஓர் ஆள் இருக்கும் வீட்டுக்கு எல்லாம் முதலில் தெரியும் என்று நினைப்பீர்கள். எங்களுக்குத்தான் கடைசியில் தெரியும். எதைக் கேட்டாலும், ‘ரெண்டு பேர் நேர்ல பார்த்துச் சொல்லணும்’ என்பார். கூரையில் மழை கொட்டினாலும் வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் இவள் மழை என்பாள் என்று அம்மா சலித்துக்கொள்வார்.

ஒரு தீபாவளி சீசனில், மதியத்துக்கு முன்னால், தட்டுகள் கீழேயே விழுந்துவிட்டன. அப்பா வேலை பார்த்த, அம்மன் பெயர் வைத்த கம்பெனியைத்தான் தெருவே சொன்னது. அத்தை மொபெட்டைக் கிளப்பினார். அம்மா மறித்தார்.

“ஒங்க அண்ணன் கம்பெனிங்காக. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

“அந்த அம்மன் பேருல மூணு கம்பெனி இருக்கு மதினி. பார்த்துட்டு வந்து சொல்லுதேன்.”

“ஒனக்குக் கூடப்பொறந்தவன் பெருசா, ரேடியோ பெருசா?”

அத்தை மொபெட்டை முறுக்கிக்கொண்டு போனார். அம்மாவைக் கட்டிக்கொண்டு மதியமெல்லாம் அழுதது எதிர்வீட்டுச் சீனியம்மாதான். பொழுது சாயும்போது, உடம்பெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியோடு அப்பா நடந்து வந்தார். ரோட்டை மறித்திருந்ததால் பஸ் இல்லையாம். கூட்டத்தைப் பார்த்து, “யாருக்கு என்னாச்சு?” என்றார். அம்மா அழுகையை நிறுத்தி அவரைத் திட்டத் தொடங்கினார்.

பின்னாலேயே வந்த அத்தை எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே போய்ச் சீனியம்மாவின் கையைப் பிடித்தார். அவள் வீட்டுக்காரர் முருகையா வேலை பார்த்தது அதே அம்மன் பெயர் கொண்ட, ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில். தெரு அப்பாவின் கம்பெனி என்று சொன்னதால், தன் ஆளுக்கு ஒன்றும் இல்லை என்று நம்பியிருந்தாள்.

“முருகையா அண்ணன் இல்ல, சீனி. நானும் பார்த்தேன், போர்மேனும் பார்த்தாரு.”

அதற்குப் பிறகுதான் அத்தை போன் பேசவே போனார். அன்றைய மாலைச் செய்தி அதற்குள் முடிந்திருந்தது. மறுநாள் நிலையத்தில் கடிந்துகொண்டார்கள். ஊருக்கே தெரிந்ததை நம்ம ரேடியோ மட்டும் சொல்லவில்லையே, இவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அம்மாவும் விடவில்லை. அந்த வேலையை விட்டு விலகும்வரை அத்தை எந்தச் செய்தியையும் முந்தித் தந்ததில்லை. பாராட்டு என்று ஒன்று வந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

அவருக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு வானொலி நிருபர் வரவில்லை. போன மாதம் ஒரு ஷெட் வெடித்து, புகை அடங்குமுன்பே, செய்தியும் படமும் வந்திருந்த போனை நீங்கள் என்னிடம் நீட்டினீர்கள். அதிலிருந்த கம்பெனிப் பெயர் தப்பு. ஆனால் படத்தில் கிடந்தவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவர் வீட்டுக்குச் சொல்ல அப்போது யாரும் போயிருக்கவில்லை.