கதவில் எழுதிய விலாசம்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஆறு வீடுகள் ஒட்டி ஒட்டி நின்றன. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். தெற்கேயிருந்து மர வியாபாரத்துக்கு வந்த ஆறு குடும்பங்கள், நான்கு இந்துக் குடும்பங்களும் இரண்டு கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்களும், சேர்ந்து கட்டியவை. விற்கிற மரத்தில் கஞ்சத்தனம் காட்டியவர்கள் குடியிருக்கிற மரத்தில் காட்டவில்லை. தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களை நெருக்கி அடுக்கி, சுண்ணாம்பு கொட்டி இடித்த மெட்ராஸ் டெரஸ் கூரை. ஆள் உயரத்துக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. வாசலில் இரட்டைக் கதவு. எங்கள் கதவுக்கான பலகைகளை அப்பாவே ரங்கூனிலிருந்து பொறுக்கி அனுப்பினாராம்.

துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு கடல் எங்கள் பக்கம் நெருங்கிவிட்டது. உப்புக் காற்று சுவரை முழங்கால் உயரத்துக்குத் தின்றது. கதவுகளைக் காப்பாற்றியது மீன் எண்ணெய்தான். குப்பத்துப் படகுகளுக்குப் பூசுகிற அதே சுறா எண்ணெய். எங்கள் வீட்டுக்கு அதைப் பூச வருகிறவள் குப்பத்தில் மீன் விற்கும் ஒருத்தி. அம்மா அவளை அக்கா என்பாள், அவள் அம்மாவைத் தங்கச்சி என்பாள், எனக்கு அவள் பெரியம்மா. கதவு நாற்றம் போக ஒரு வாரம் ஆகும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானபோது, ரங்கூனில் இருந்த அப்பாவிடமிருந்து கடிதம் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் எங்களைச் சொந்த ஊருக்கு வரச் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டாள். அப்பா எப்படித் தப்பித்தாலும் இந்த வாசலுக்குத்தான் வருவார், நாம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்றாள். பட்டணத்துக்கு வடக்கே மீஞ்சூரில் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது.

புறப்படும்போது தெருவில் ஒவ்வொருவரும் போகிற இடத்தைக் கரியால் கதவில் எழுதினார்கள். பர்மாவில் ஆள் இல்லாத வீடே அங்கே கிடையாது. பெரியம்மா எங்கள் மூட்டைகளோடு முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தாள். அம்மா குனிந்து, பெரிய பெரிய எழுத்தாக, மீஞ்சூர் விலாசத்தை எழுதினாள். ஸ்டேஷனில் சாவியைப் பெரியம்மாவிடம் கொடுத்து, "அக்கா, வீட்டைப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

"நான் கீறேன் தங்கச்சி. நீ கவலப்படாம போ."

சில மாதம் கழித்துத் திரும்பினோம். கதவு முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. பெரியம்மா பெருமையோடு நின்றாள். "நீ போன மக்யா நாளே பாத்தேன், எவனோ கரியால கிறுக்கி வச்சிகிறான். சாம்பல் போட்டுத் தேச்சி எண்ண வச்சேன். எப்டி கீது பாரு."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் அம்மாவைக் கூப்பிட்டார். ஊர் காலியான பிறகு கடை போட்டவர், எங்களைத் தெரியாது. தாடியும் காய்ச்சலுமாக ஒருவர் வந்து ஆறு கதவையும் ஒவ்வொன்றாகப் படித்தாராம். எங்கள் கதவருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். எழுதாமல் போயிருந்தால் ஊருக்குத்தான் போயிருப்பாள், ஊருக்குப் போக எதற்கு எழுதவேண்டும் என்று இவரிடம் சொல்லிவிட்டு எழும்பூர் ஸ்டேஷனுக்கு வழி கேட்டாராம். மீஞ்சூர் எங்கள் தெருவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்.

அம்மா ஊருக்குத் தந்தி கொடுத்தாள். பதிலுக்குச் சித்தப்பாவே வந்தார், மொட்டைத் தலையோடு. அஸ்ஸாம் காட்டு வழியே நடந்து பிழைத்து வந்த அப்பா, அந்தக் காய்ச்சலோடு இரண்டு நாள் ரயிலில் போய், ஊரில் நாங்கள் இல்லை என்று தெரிந்த மூன்றாம் நாள் கண்ணை மூடிவிட்டார். மீஞ்சூர் விலாசம் ஊரில் யாருக்கும் தெரியாததால், ராயபுரத்துக்கு அடித்த தந்தி ஆளில்லாமல் திரும்பிவிட்டதாம்.

பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். "இங்க ஒரு தபா வந்திருக்கக் கூடாதா அந்த மனுசன்" என்று அழுதாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "வரலக்கா. கல்கத்தாவிலிருந்து நேரே ஊருக்குப் போயிட்டாக" என்றாள். பிறகு என்னை உள்ளே இழுத்து, இதை வாய் திறந்து சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

பத்து வருஷத்துக்கு மேல் அதைக் காப்பாற்றினேன். வருஷா வருஷம் அவள் எண்ணெய்க் குடுவையோடு வரும்போது எனக்குள் பற்றி எரியும். அம்மா அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுப்பாள். இரண்டு பேரும் பேசிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீடுகள் ஒவ்வொன்றாக விலைபோய்க் கிடங்குகள் ஆகத் தொடங்கிய சமயம். பக்கத்து வீட்டை வாங்க வந்தவர் எங்கள் கதவைத் தடவிப் பார்த்து மெச்சினார். பெரியம்மா எண்ணெய்த் துணியோடு நிமிர்ந்து சொன்னாள்: "நான்தான் பாத்துக்கினு கீறேன். ஒரு கீறல், ஒரு கிறுக்கல் தங்க வுட்டதில்ல."

நான் சொல்லிவிட்டேன். விலாசம், தாடி, ஆறு கதவு, எல்லாம். வந்தவர் நழுவிப் போனார்.

பெரியம்மா அம்மாவைத்தான் பார்த்தாள். "மெய்தானா தங்கச்சி?"

அம்மாவால் அப்போது பொய் சொல்ல முடியவில்லை. பெரியம்மா துணியை மடித்துக் குடுவைமேல் வைத்துவிட்டுக் குப்பத்துப் பக்கம் நடந்தாள். அடுத்த நாள் அம்மா தேடிப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மகள் வீட்டோடு இருக்கக் காட்டுப்பள்ளிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்களாம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சோறு போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்: "உங்கப்பா போன பெறகு எனக்குன்னு இருந்தவ அவ ஒருத்திதாம்மா."