வெங்காயக் கிடங்கில் ஒரு குழி

ஜுல்ஃபிகர் பாய்க்கு ஓரிடத்தில் உட்கார வராது. பர்மாவில் ஆற்றோரம், ஸ்ட்ராண்ட் ரோட்டில், போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே, கயிறும் தார்ப்பாயும் சாக்கும் விற்கிற கடை அவருடையது. கல்லாவில் அவர் மனைவி உம்மு சல்மாதான் இருப்பார். பாய் வாசலுக்கும் துறைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். படகுக்காரர்களிடம் பர்மியம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் அரபி. இளவயதில் சவுதிக்குப் போய், பெருமணல் பாலைவனத்து ஓரத்து ஒட்டகப் பட்டிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியபோது ஒட்டிக்கொண்ட அரபி அது. அதனால்தான் இவ்வளவும் வந்தது.

தங்கத்தின் விலை காலைக்கு ஒன்றும் மாலைக்கு ஒன்றுமாக ஏறிக்கொண்டிருந்த சமயம். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கியாட் நோட்டை யாரும் நம்பவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், மையத்து விழுந்த வீட்டில்கூடத் தங்கம்தான் பேச்சு. அப்போது ஒருநாள் வள்ளியப்பன் கடைக்கு வந்தான். நாலு கதவு தள்ளி, வாடகைக்கு எடுத்த கிடங்கில் வெங்காய வியாபாரம் செய்பவன். அப்பா தமிழர், அம்மா பர்மியர். துறையில் அவனை கோ வள்ளி, அதாவது வள்ளி அண்ணன், என்பார்கள். பாய்க்கு நெடுநாள் சிநேகிதன்.

"பாய், ஒரு விஷயம். வெளியே சொல்லாதீங்க," என்று ஆரம்பித்தான்.

கிடங்கு வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அதன் சொந்தக்காரச் செட்டியார், தூக்க முடியாததையெல்லாம் தரைக்குக் கீழே புதைத்துவிட்டு இந்தியாவுக்கு நடந்தார் என்று வள்ளியப்பனின் அப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம். போன வாரம் ஆவிகளோடு பேசுகிற ஒரு பர்மிய அம்மாளைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டியிருக்கிறான். புதையல் இருக்கிறது, அதைக் காக்கும் ஆவியும் இருக்கிறது என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள்.

"ஆனா அவங்க கேட்டதுக்கு அது பதில் சொல்லலையாம். இது இந்த மண்ணு ஆவி இல்லை, பாலைவனத்து ஆவி, அரபி தெரிஞ்ச ஆள் கேட்டாத்தான் வழிவிடும்னு சொல்லிட்டாங்க."

பாய் சிரித்துவிட்டார். "போட்டாதாங் சேத்துக்குள்ள பாலைவனத்து ஜின்னுக்கு என்னப்பா வேலை?"

"கப்பல்ல வந்திருக்கும்," என்றான் வள்ளியப்பன். அவன் சிரிக்கவில்லை.

அவன் புத்தியைத் திருப்பலாமே என்று பாய் மாஹிரின் கதையைச் சொன்னார். மாஹிர் அவரோடு லாரி ஓட்டிய காயல்பட்டினத்துக்காரன். பாலைவனத்தில் எங்கோ பழைய தங்கச் சுரங்கம் இருக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. ஒருநாள் அந்தி சாய்கிற நேரம், இருவரும் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருக்கையில், இடப்பக்கம் தொலைவில் நெருப்புப் போல ஒரு வெளிச்சம் தெரிந்தது. மாஹிர் லாரியைத் தடத்திலிருந்து இறக்கிவிட்டான். பாய் ஹாரன் அடித்ததெல்லாம் வீண். மறுநாள் முத்லக் என்கிற ஒட்டகம் மேய்ப்பவர்தான் அவனைக் கண்டுபிடித்தார். சக்கரம் மணலில் புதைந்து லாரி ஒரு பக்கம் நிற்கிறது, தொட்டி நிறையத் தண்ணீர். மாஹிர் அதை விட்டு வெகுதூரம் நடந்துபோய் உதடு வெடித்துச் செத்துக் கிடக்கிறான்.

"அது கூல்னு முத்லக் சொன்னார். ஜின்னுல ஒரு வகை. வழிப்போக்கரைத் தடத்தைவிட்டு இறக்கத் தீ மூட்டுமாம். அதுக்குன்னு சொந்த உருவம் கிடையாதாம். நீ எதுக்கு ஏங்குறியோ அந்த உருவத்துல வந்து நிக்கும். அது யாரையும் துரத்தவே வேண்டாம், மனுஷன் தானா நடந்து வந்துருவான்னார்."

வள்ளியப்பன் கடைசிவரை கவனமாகக் கேட்டான். பிறகு, "அந்த வெளிச்சம் என்னன்னு யாராச்சும் போய்ப் பார்த்தாங்களா பாய்?" என்றான்.

யாரும் போய்ப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் பாய்க்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து அது அவரை விடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே வெறித்துப் பார்ப்பார். தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறியது. துறைக்குப் போகிறவர் கிடங்கு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஒரு மதியம் நேராக உள்ளே போய், "மண்வெட்டி எங்கே?" என்று கேட்டுவிட்டார்.

பகலில்தான் தோண்டினார்கள். மின்சாரம் போய்த் தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமும்போது மண்வெட்டிச் சத்தம் யாருக்கும் கேட்காது. மண்ணைப் பாயின் கடைச் சாக்குகளில் கட்டி, வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினார்கள். ஆவியிடம் கேட்கச் சொல்லி வள்ளியப்பன் நச்சரித்தான். அப்படியெல்லாம் கேட்பது பாவம் என்று பாய் மறுத்தார். கேட்காமலே தோண்டினார்கள்.

முதலில் உடைந்த பீங்கான் ஜாடி கிடைத்தது. பிறகு ஒரு இரும்பு வளையம். ஏதோ பெட்டியின் பட்டையாக இருக்கும் என்று இருவரும் முடிவுகட்டிக்கொண்டார்கள். ஆற்றில் நீரேற்றம் வந்தால் குழியில் தண்ணீர் ஊறும். வாளியால் இறைத்துவிட்டு மறுபடி இறங்குவார்கள். இருவருக்குள்ளும் பேச்சு குறைந்தது. தான் இல்லாத நேரத்தில் வள்ளியப்பன் தனியாக எடுத்துவிடுவானோ என்று பாய்க்கு ஒரு அரிப்பு. தொழுதுவிட்டு நேரே கிடங்குக்கு ஓடுவார். அங்கே வள்ளியப்பன் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான். அவனுக்கும் அதே அரிப்பு.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு? நகமெல்லாம் சேறு," என்றார் உம்மு சல்மா.

"கிடங்குல சாக்கடை அடைச்சிருக்கு," என்றார் பாய்.

கிடங்கின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்டு மொஹிங்கா விற்றுக்கொண்டிருந்தாள் காளியம்மா. காலையில் மீன்குழம்பு ஊற்றிய அந்த நூடுல்ஸைச் சாப்பிடாமல் துறையில் யாரும் மூட்டை தூக்குவதில்லை. ஒருநாள் கையில் கரண்டியோடு பாயின் கடைக்கு வந்தாள்.

"பாய், நீங்க அந்தக் கிடங்குக்குப் போக வர இருக்கீங்களே, கொஞ்சம் பாருங்க. என் அடுப்பு ஒரு பக்கமாச் சாயுது. சுவத்துல விரல் போற அளவுக்கு வெடிப்பு."

"ஆத்துத் தண்ணி ஏறுதுல்ல, அதான். பயப்படாதே," என்றார் பாய்.

அவள் நம்பிக்கையோடு திரும்பிப் போனாள். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று பாய்க்கே திக்கென்றது. வள்ளியப்பனிடம் போய், போதும், மூடிவிடலாம் என்றார்.

"இன்னும் ஒரு முழம். அந்தச் சுவர் பக்கமாத்தான் பெட்டி இருக்கு. உங்களுக்கு வேண்டாம்னா நான் மட்டும் பார்த்துக்கிறேன்."

"நான் மட்டும்" என்ற வார்த்தை பாயைத் திரும்பக் குழிக்குள் இறக்கியது.

மறுநாள் காலை வள்ளியப்பன் வருமுன்பே தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கிடங்கைத் திறந்து இறங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் காளியம்மா பூண்டு இடிப்பது கேட்டது. அவ்வளவு பக்கம். யாரோ சிரிக்கிறார்கள், கிண்ணங்கள் உரசுகின்றன. பாய் நின்றார். பிறகு, ஒரு வெட்டு, இன்னும் ஒரே ஒரு வெட்டு என்று சுவரின் அடியில் ஓங்கிப் போட்டார். ஒரு செங்கல் சேற்றோடு வழுக்கி வந்து அவர் கால்மேல் விழுந்தது. அடுத்து இன்னொன்று. மேலே சுவர் முனகியது.

எப்படி ஏறினார் என்று அவருக்குத் தெரியாது. வாசல் வழியாக ஓடி, பின்சந்து வழியாகச் சுற்றி, கைலியும் உடம்பும் சேறாக, "எந்திரிங்க, எல்லாரும் வெளியே வாங்க" என்று கத்திக்கொண்டு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தோடு எழுந்தார்கள். காளியம்மா மட்டும் குழம்புப் பானையை இறக்கப் போனாள். பாய் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினார். சுவர் மெதுவாகத்தான் விழுந்தது. தகரமும் பானையும் முக்காலிகளும் அதற்கடியில் போயின. தெறித்த குழம்பில் அவள் முழங்கை வெந்துபோனது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

சுவர் இருந்த இடத்தின் வழியே குழி எல்லோருக்கும் தெரிந்தது. காளியம்மா அதைப் பார்த்தாள், பாயின் சேற்றுக் கைகளைப் பார்த்தாள்.

"ஆத்துத் தண்ணின்னு சொன்னீங்களே பாய்," என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

பாய் அன்றே உம்மு சல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு அவர் கடையின் முன்பாதியில் இருந்த கயிற்றுச் சுருள்களைத் தானே உருட்டி உள்ளே தள்ள ஆரம்பித்தார். காளியம்மாவின் அடுப்பு இப்போது அங்கேதான் எரிகிறது. அவள் பாயிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை. தார்ப்பாய்களிலெல்லாம் மீன் வாசம்.

குழியைப் பாய் தன் கையாலேயே மூடினார். கிடங்குச் சொந்தக்காரர் வள்ளியப்பனை வெளியேற்றிவிட்டார். அவன் இப்போது கியாக்தான் பக்கம், ஆற்றோரம் பழைய அரிசி ஆலை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறான். போன வாரம் போன் செய்தான்.

"பாய், இங்கே தரையைத் தட்டினா கிணிகிணின்னு கேக்குது. நீங்க வரவே வேண்டாம், சும்மா சொன்னேன்."

"மூடிட்டு வேற பொழப்பைப் பாரு கோ வள்ளி. யார் வீட்டுச் சுவராச்சும் பக்கத்துல இருக்கும்," என்றார் பாய்.

"இங்கே பக்கத்துல சுவரே இல்லை பாய். வெறும் வயல்."

பாய் போனை வைத்துவிட்டார். வாசலுக்கு வந்தார். எதிரே கியாக்தான் பஸ்ஸுக்கு ஆள் கூவிக்கொண்டிருந்தான். பாய் திரும்பி உள்ளே வந்து, வேண்டாத ஒரு தார்ப்பாயைப் பிரித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார்.

"யார் போன்ல?" என்றார் உம்மு சல்மா.

பாய் சொன்னார். பொய் சொல்லவில்லை. உம்மு சல்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்து தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிப் போகும்வரை இருவரும் அதை மடித்துக்கொண்டிருந்தார்கள்.