கைதட்டத் தடை போட்ட கன்வீனர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ரோட்டோரமாக டைல்ஸ் கடை வைத்திருக்கும் சிவதாணுவுக்குக் கலை வந்தது ஐம்பது தாண்டிய பிறகுதான். மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும் வயது அது. சர்க்கரைக்காவது மாத்திரை உண்டு.

காரணம், கோயில் திருவிழா. கமிட்டியில் அவரைப் புரோகிராம் கன்வீனர் ஆக்கியிருந்தார்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. கானமேளா என்னும் சினிமாப்பாட்டுக் கச்சேரிக்கு ஒரு குழுவைப் பிடிக்க வேண்டும். பாட வந்தவர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் திருவிழா நோட்டீசில் சாமி படத்துக்கு அடுத்தபடியாகக் கன்வீனர் படம் வரும். தாத்தா மகாராஜா காலத்துக் குமாஸ்தா, அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். அந்தக் குடும்பத்தில் கலர் அச்சில் முகம் வந்த முதல் ஆள் சிவதாணுதான். அந்தப் படத்துக்காக அவர் உயிரையும் கொடுப்பார். அடுத்தவர் உயிரை என்றால் யோசிக்கவே மாட்டார்.

கமிட்டிக் கூட்டத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிருஷ்ணகுமார் சும்மா இருக்கவில்லை.

"தறைக்கு ஓடு ஒட்டுற ஆளுக்குக் கலையிலே என்னவே தெரியும்? இந்த வருசம் புரோகிராம் சொதப்பினா அடுத்த நோட்டீசிலே எனக்க படம் ஆக்கும்" என்றார்.

கமிட்டி சிரித்தது. சிரித்துக்கொண்டே சம்மதமும் சொல்லிவிட்டது.

ஆகவே சிவதாணு கலையைப் படித்துவிடுவது என்று முடிவு செய்தார். புத்தகம் என்றால் தூக்கம் வரும். வாத்தியார் என்றால் கேள்வி கேட்பார். தலைநகரத்தில் கலை நடக்கிற இடங்களையெல்லாம் காலால் நடந்து சுற்றினால் போதும், சட்டையில் வாசனை ஏறுவது மாதிரி ஏறிவிடும் என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமை தோறும் பாசஞ்சர் ரயில், தலைநகரத்துத் தம்பானூர் ஸ்டேஷனில் இறக்கம், அங்கிருந்து நடை. ஜிப்பா, தோளில் துணிப்பை. ஜிப்பா போட்டதுமே பாதிக் கலைஞன் ஆகிவிட்டதாக நினைத்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நகரத்தில் பல பேருக்கு அந்தப் பாதிதான் உண்டு.

மியூசியம் வளாகத்து ஓவியக் கூடத்தில் அவர் தரையைப் பார்த்தார். "ஜாயிண்ட் நல்லா விழுந்திருக்கு" என்று காவலாளியைப் பாராட்டிவிட்டு வெளியே வந்தார். மானவீயம் வீதியில் கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சுற்றிக் கண்மூடி நின்றவர்களைப் பார்த்து, தானும் கண்ணை மூடக் கற்றார். ஒரு நாடகத்தில் ஒருவன் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தான். சபை எழுந்து நின்று மெச்சியது. புரியாத இடத்தில் தலையை மெல்ல ஆட்ட வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம். பிறகு ஒரு கட்லெட், ரயில், வீடு.

"இண்ணைக்கு என்னத்தைப் பாத்தீங்க?" என்று கேட்பாள் மனைவி அஜிதா.

"சொன்னா உனக்கு மனசிலாவாது."

"பாத்த ஆளுக்கு மனசிலாச்சா?"

சிவதாணு தலையை மெல்ல ஆட்டினார்.

நவராத்திரி வந்தது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமேல் தலைநகரம் போவது அவர் கடை வாசல் வழியாகத்தான். தமிழும் மலையாளமும் கலந்த இந்த எல்லைக்காரர்களுக்கு அதில் ஒரு மிதப்பு. சாமி நம் வாசலைத் தாண்டிப் போவதால், போன இடத்தில் நடக்கும் பாட்டும் நம்முடையதே என்பார்கள். சிவதாணுவும் உரிமையோடு கோட்டைக்குள் போய் நவராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்தார். பாடகர் ஒரு கிருதியை முடித்தார். தட்டுவதற்குத் தூக்கிய கையை, வேறு யாரும் தூக்காததைக் கண்டு, சிவதாணு காதுக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். அங்கே பாட்டு சரஸ்வதிக்குச் செய்யும் பூஜை. கைதட்டும் வழக்கம் இல்லை. பூஜை என்ற பகுதி சிவதாணுவின் மண்டையில் ஏறவில்லை. ஏறியது இவ்வளவுதான்: உசந்த கலைக்குக் கைதட்டுகிறவன் பட்டிக்காட்டான்.

திருவிழா வந்தது. கோட்டுகாலிலிருந்து ஜெயனின் கானமேளாக் குழு. கோயில் மதிலுக்குள் போட்ட பந்தலில் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய போர்டு: 'கைதட்டலும் விசிலும் கண்டிப்பாகத் தடை. இப்படிக்கு, புரோகிராம் கன்வீனர்.' பேட்ஜ் குத்திய வாலண்டியர்கள் வரிசை வரிசையாகப் போய், "எலே மக்கா, கையைக் கட்டு" என்று மிரட்டினார்கள். எல்லாருக்கும் சொன்ன சிவதாணு, பாட வந்தவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர்கள் மேடைக்குப் பின்னால் பரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

விளக்கு வைத்ததும் குழுவின் பாடகி ஷீஜா பாட ஆரம்பித்தாள். செத்தவனும் எழுந்து ஆடுகிற குத்துப்பாட்டு. முடிந்தது. ஒரு சத்தமில்லை. அடுத்த பாட்டுக்கும் ஜனம் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது பாட்டில் ஷீஜாவின் குரல் இடறியது. ஜெயன் மேடையோரம் குனிந்து சிவதாணுவிடம் கேட்டார்.

"சேட்டா, இவிடே ஆரெங்கிலும் மரிச்சோ?"

சாவு விழுந்த ஊரில்தான் கானமேளாவை இப்படிக் கேட்பார்கள். முன்வரிசையில் கிருஷ்ணகுமார் அடுத்த வருட நோட்டீசுக்கு இப்போதே சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் சாகவில்லை, நான்தான் தட்டக்கூடாதென்றேன் என்று சொன்னால் புரோகிராமைக் கெடுத்தவர் சிவதாணு என்றாகும், படம் போய்விடும்.

"ஆமா, மரணம் ஆக்கும்" என்றார் சிவதாணு. "கள்ளிக்காட்டிலே எனக்க சித்தப்பா. காலையிலே. திருவிழா முடங்கப்பிடாதுண்ணு நான் வெளியே சொல்லல்லே."

என்ன ஒரு தியாகம்! ஜெயன் மைக்கில் அனுதாபம் சொன்னார். ஊரே எழுந்து நின்றது. அந்த நேரத்தில் சித்தப்பா கள்ளிக்காட்டில் மரச்சீனிக் கிழங்குக்கு மீன்கறி ஊற்றித் தின்றுகொண்டிருந்திருப்பார். சிவதாணுவின் முகத்தில் துக்கத்தைக் காட்டிலும் பெருமைதான் அதிகம்.

அப்போது கமிட்டித் தலைவர் சுயம்பு தொண்டையைச் செருமினார்.

"எலே சிவதாணு, சித்தப்பாண்ணா உனக்க அப்பனுக்க கூடப்பிறந்த ஆளுல்லா? அப்போ உனக்குப் புலை உண்டே. புலையை வச்சிக்கிட்டா கொடிமரத்துப் பக்கம் நிண்ணே?"

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் புலை என்கிற அந்தத் தீட்டு கழியும்வரை கோயில் மதிலுக்குள் கால் வைக்கக்கூடாது. அம்மா வழியில் ஒரு மாமனைக் கொன்றிருந்தால் தப்பித்திருப்பார். பதற்றத்தில் கௌரவமான சாவாகப் பார்த்து எடுத்துவிட்டார்.

கமிட்டி கொதித்தது. கொடியேறின கோயில், தீட்டுக் கழிக்கத் தந்திரியை விளிக்கணும், கலசம் ஆடணும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பாட்டுக்கு வாய் திறக்காத கூட்டம் இதற்கு நன்றாகவே திறந்தது.

கிருஷ்ணகுமார் எழுந்து வந்தார். "பேட்ஜைத் தாரும். கையிலே தரவேண்டாம், தீட்டு. தறையிலே வையும்."

சிவதாணு குனிந்து வைத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அஜிதா, சாமி ஊர்வலத்தில் பெண்கள் விளக்கேந்திப் போகும் தாலப்பொலித் தட்டோடு வந்து அவர் காதருகே நின்றாள். "சித்தப்பா மத்தியானம் எனக்குப் போன் பண்ணினாரு. சொல்லட்டுமா?"

சொன்னால் புலை போகும், கூடவே மானமும் போகும். சித்தப்பா செத்தே இருக்கட்டும் என்று முடிவு செய்தார் சிவதாணு.

"வாயை மூடிக்கிட்டு நட."

"அப்போ எனக்கும் புலை. வருசம் முழுக்கக் காத்திருந்த தாலப்பொலி போச்சு" என்று தட்டை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு முன்னால் விறுவிறுவென்று வாசலைத் தாண்டினாள்.

ரோட்டுக்கு வந்ததும் உள்ளேயிருந்து கிருஷ்ணகுமாரின் குரல் மைக்கில் கேட்டது. "ஜனங்களே, இனி இஷ்டம்போலக் கைதட்டலாம்." பந்தல் பிய்ந்துபோகிற மாதிரி தட்டினார்கள். பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை.

அஜிதாவும் தட்டினாள்.

"கையைக் கட்டு. சாவு விழுந்த வீடு, ஆளுகள் பாக்கும்."

"பாத்தா என்ன? நான் மதிலுக்கு வெளியேதானே நிக்கேன்" என்று இன்னும் பலமாகத் தட்டினாள்.