சாயலே இல்லை

மூன்றாவது வளைவில், ஏற்றம் நெஞ்சை அடைக்கும் இடத்தில், ஹெஸ்டர் அரண்ட்சே நின்றுவிடுவார். மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். கைத்தடியால் ஒரு புதரைக் காட்டி, அதற்குப் பெயர் வைத்தவரைத் திட்டத் தொடங்குவார். சனிக்கிழமைதோறும் அவரோடு மலையேறும் நாங்கள் பைகளைப் பிரித்து, ரஸ்க்கைக் காப்பியில் தோய்ப்போம். திட்டு முடிய அவ்வளவு நேரம் ஆகும்.

"எரிகா செரிந்தாய்டஸாம்! செரிந்தே மாதிரி இருக்குன்னு அர்த்தம். அந்தச் செரிந்தே எங்க கெடக்கு? கடல் தாண்டி, ஐரோப்பாவுல. எவனோ அவன் ஊர்ப் பூவை நெனச்சுக்கிட்டு நம்ம கேப் மலைப் பூவுக்குப் பேரு வச்சிருக்கான். எம் புள்ளையப் பாத்து எதிர்வீட்டுக்காரன் மாதிரி இருக்குன்னா சும்மா விடுவேனா?"

மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அங்கும் இதே திட்டுதான், குழந்தைகளுக்கு மனப்பாடம்.

போன வருஷம் சபதம் போட்டார். செப்டம்பர் மலர்க்காட்சியில் இரண்டு பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாயலே இல்லை என்று ஊர் முன்னால் நிரூபிப்பது. செரிந்தே விதை தபாலில் வந்துவிட்டது. சிக்கல் நம் செடியில்தான். சரிவு எரிந்து அடங்கினால்தான் அது அடியிலிருந்து துளிர்த்துக் கொத்துக் கொத்தாகச் சிவக்கும்; மற்றபடி ஏனோதானோவென்று ஒன்றிரண்டு பூக்கும். ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தலைவரோ அவர் கணவர் கோபஸ். பாவம், மலையில் ஒரு புகையைக்கூட விட்டுவைக்காத மனிதர்.

பிப்ரவரியில் மின்னல் விழுந்து சரிவு பற்றிக்கொண்டது. கோபஸ் குழாயோடு ஓட, பின்னாலேயே ஹெஸ்டர்.

"ஏய்யா, மேக்கால மட்டும் கொஞ்சம் விட்டு வையேன்!"

"பைத்தியமாடி உனக்கு? வீடு எரிஞ்சிரும்!"

"வீடு கெழக்கால இருக்குய்யா!"

காற்று ஹெஸ்டர் கட்சி. வீடுகள் தப்பின, மேற்குச் சரிவு கருகியது. செப்டம்பரில் அந்தக் கரியெல்லாம் சிவப்பு.

மலர்க்காட்சியன்று தேவாலயக் கூடத்தில் ஜாம் பாட்டிலில் நம் பூ, பக்கத்துத் தொட்டியில் மஞ்சளாகச் செரிந்தே. நடுவில் வெயில் தொப்பியும் கைத்தடியுமாக, ஜெயித்த முகத்தோடு ஹெஸ்டர். ஊரே எட்டிப் பார்த்தது. இங்கே குழல் குழலாகத் தலைகவிழ்ந்து தொங்கும் கொத்து; அங்கேயும் அதே. எனக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று.

கோபஸ்தான் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏண்டி, கலரை விட்டுட்டா ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரில்ல தொங்குது?"

ஹெஸ்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, செரிந்தேயின் மேல் மெதுவாகக் கவிழ்த்தார்.